பந்தல் பிரித்த மறுநாள்

பெரியம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. என்றைக்கோ ஒரு தீபாவளிக்கு வந்தது. மூடியில் துரு ஏறி, திறந்தால் கிறீச்சென்றது. உள்ளே முழுக்க மாத்திரைகள். ரோஸ், வெள்ளை, மஞ்சள், பாதி சிவப்பு பாதி வெள்ளையில் கேப்சூல். ஒன்றுகூட முழு அட்டை இல்லை. கத்தரிக்கோலால் மூன்று, ஐந்து என்று நறுக்கிக் கொடுத்த துண்டுகள். நறுக்கியதில் மருந்தின் பெயர் பாதியோடு போயிருந்தது. காலாவதி தேதி அடுத்தவர் வீட்டு டப்பாவுக்குப் போயிருக்க வேண்டும்.

நான்கு வருடங்களில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் நடந்த ஐந்து இலவச மருத்துவ முகாம்களின் மிச்சம் அது.

பெரியம்மாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறியது. 108-ல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இதுவரைக்கும் என்ன மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க?" என்று இளம் டாக்டர் கேட்டபோது எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டைத்தான் அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. ஒன்று பிபிக்கு. மற்றது நெஞ்செரிச்சலுக்கு.

டப்பாவின் அடியில் நாலாக மடித்த ஒரு சீட்டும் கிடந்தது. அதில் 180/110 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள். கீழே ஒரு மாத்திரையின் பெயர், பத்து நாளைக்கு. அவ்வளவுதான். தேதி பார்த்தேன். பக்கவாதம் வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முந்தைய முகாம்.

இடையில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதைப் பற்றி நானே பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "மாத்திர தீந்துச்சு கண்ணு, தலசுத்தலும் தீந்துச்சு. அப்புறம் என்னாத்துக்கு மாத்திர?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். ஆகவே இந்தப் புகாரை எழுதுகிறவன் கைகழுவிவிட்டு எழுதவில்லை. எனக்கும் இதில் பங்கு உண்டு.

முகாம் எப்படி நடக்கும் என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். சனிக்கிழமை ஆட்டோவில் மைக். ஞாயிறு காலை எட்டரைக்கே டோக்கன் வாங்கிக் கிழவிகள் உட்கார்ந்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் வர பதினொன்றரை ஆகும். குத்துவிளக்கு, சால்வை, போட்டோ. பிறகு வரிசை நகரும். ஒருத்தருக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிகம். "என்ன பண்ணுது?" "முட்டி வலிங்க." "ம்." சீட்டு. அடுத்த மேஜையில் மாத்திரைத் துண்டு, ஒரு டானிக் பாட்டில். மூன்று மணிக்குப் பந்தல்காரர் கழி பிடுங்க ஆரம்பித்துவிடுவார். சாம்பார் சாதப் பொட்டலம் நன்றாக இருந்தது என்று ஊர் இரண்டு நாள் பேசும்.

வந்த டாக்டர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்குக் கொடுத்தவர்கள். பணம் போட்டவர்களும் ஊருக்கு நல்லது செய்யத்தான் வந்தார்கள். அவர்கள் மனசில் கோளாறு இல்லை, செய்கிற முறையில்தான் இருக்கிறது. ரத்த அழுத்தம் என்பது ஒரு நாள் பார்த்து ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. பெரும்பாலும் வலி காட்டாது, காய்ச்சல் காட்டாது. மாத்திரையை நிறுத்தினால் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். அப்படிப்பட்ட நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் பத்து நாள் மருந்து கொடுத்தால், பதினோராவது நாள் அந்த மனுஷிக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பகுதியின் சுகாதாரத் தன்னார்வலரைப் போய்ப் பார்த்தேன். மகளிர் குழுவிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு வந்தவர். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சுகர், பிபி இருப்பவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும். எங்கள் ஊரில் பலருக்கு வந்துகொண்டும் இருக்கிறது. பெரியம்மாவின் தெருவிலேயே மூன்று வீடு. அந்த மூன்று வீட்டுக்கும் மாத்திரை கொடுக்க அவர் பெரியம்மா வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்.

நான் சீட்டைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. "நூத்தி எம்பதாண்ணா?" என்றார். "ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே. அந்தப் பேரு என் நோட்டுல ஏறியிருந்தா, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்." பெரியம்மாவை ஏன் அவரே பார்த்திருக்கவில்லை என்று கேட்டேன். பகலில் பெரியம்மா களை எடுக்கப் போய்விடுவார். இரண்டு தடவை கதவு பூட்டியிருந்ததாம். நோட்டைப் புரட்டிக் காட்டினார், 'பூட்டு' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. அவரிடம் இருந்த பிபி மிஷினின் கைப்பட்டை ஒட்டுவதே இல்லை, ஒரு துணியால் கட்டி வைத்திருந்தார். பேட்டரி அவர் கைக்காசு.

முகாமில் பெயர், வயது, ரத்த அழுத்தம் எல்லாம் எழுதிய பதிவேடு எங்கே என்று ஏற்பாடு செய்தவர்களிடம் விசாரித்தேன். இருக்கிறது. பத்திரமாகவே இருக்கிறது. அவர்கள் ஆண்டறிக்கையில் 'இத்தனை பேர் பயன்பெற்றனர்' என்று போடுவதற்காக ஒரு கோப்பில். கோப்புக்கும் நோட்டுக்கும் இடையே தூரம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

மருத்துவத் தொண்டு நம் மண்ணுக்குப் புதிதல்ல, அதை ஒழுங்காகச் செய்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். அவர் கைராசியான டாக்டராக மட்டும் இருந்து போயிருந்தால் இன்று அவர் பெயரில் ஒரு தெரு மிஞ்சியிருக்கும். 1909-ல் செவிலியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆனது. அவர் கிராமங்களுக்கும் போனார். ஆனால் குறித்த நாளில், குறித்த மரத்தடியில் வண்டி நிற்கும். போன தடவை கட்டுப் போட்டவன் இந்தத் தடவை அங்கே காத்திருப்பான். ஒரு முறை வந்து மறைகிற முகாமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மரத்தடிதான்.

அதற்கும் முன்னால் யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இருந்தார். 1847-ல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் டாக்டர். உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக் கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் கிராமத்தில் தங்குவதில்லை என்று கண்டதும் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியலும் பிரசவ மருத்துவமும் தமிழ்ப் பாடநூல்கள் ஆயின. பெரியம்மாவின் சீட்டில் இருந்த அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைப் பார்த்தபோது எனக்கு மானிப்பாய்தான் நினைவுக்கு வந்தது. எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு கிழவிக்கு, 'ரத்தக் கொதிப்பு அதிகம், மாத்திரையை நிறுத்தக் கூடாது' என்று ஆறே வார்த்தை தமிழில் எழுதிக் கொடுக்க இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மால் முடியவில்லை.

முகாம் என்ற வடிவத்தையே சந்தேகப்பட்டுத் திருத்திக்கொண்டவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்திப் பேர் வாங்கியது. அங்கே முகாம் என்றால் டோக்கனோடு முடியாது. புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அறுவை சிகிச்சை, சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது, பிறகு கண்ணை மறுபடி பார்ப்பது எல்லாம் அதே கணக்கில் சேர்ந்தவை. இவ்வளவு செய்தும், கிராமங்களில் ஆய்வு செய்து பார்த்தபோது கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சுமார் 7 விழுக்காட்டினர்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. மற்றவர்களுக்குப் பயம், செலவு, விட்டுவிட்டு வர முடியாத வீட்டு வேலை. பெரியம்மாவின் களைக்கொட்டைப் போல. வேறு யாராக இருந்தாலும் அந்த 7-ஐ மறைத்துவிட்டு, வந்தவர்களின் எண்ணிக்கையை ஃபிளெக்ஸில் போட்டிருப்பார்கள். அரவிந்த்காரர்கள் 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரமான பார்வை மையங்களைத் திறந்தார்கள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையின் பெரும்பகுதியை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். டாக்டர் வீடியோவில் வருவார். பரிசோதிக்கிற பெண் எப்போதும் அங்கே இருப்பாள்.

எங்கள் மாவட்டத்திலேயே சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கி இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1990-களின் தொடக்கத்தில் அங்கே வந்தபோது, ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஊர்க்காரர்கள் கட்டிக் கொடுத்த மண் குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. ரெஜி மயக்க மருந்து நிபுணர், லலிதா மகப்பேறு மருத்துவர். இரண்டு பேரே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். மலையாளிப் பழங்குடிப் பெண்களை எடுத்துப் பிரசவம் பார்க்க, ஊசி போட, அறுவை அறையில் உதவி செய்யப் பழக்கினார்கள். அது போக, ஊர் ஊருக்கு ஊராரே தேர்ந்தெடுத்த மூத்த பெண்கள் குழந்தையை எடை போடுவது, கர்ப்பிணியைக் கவனிப்பது, எதை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுகொள்வது ஆகியவற்றைக் கற்றார்கள். 147 இன்று இருபதை ஒட்டி இறங்கியிருக்கிறது. நீலகிரி கூடலூரிலும் இதே கதைதான். 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், குறும்பர் வீட்டுப் பெண்கள் செவிலியர்களாக இருக்கிறார்கள். நோயாளிக்கு அவர்கள் பாஷையிலேயே வையவும் தெரியும், கொஞ்சவும் தெரியும்.

'படிக்காத ஜனங்களை வைத்து மருத்துவமா?' என்று கேட்பவர்கள் உண்டு. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இருவரும் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறந்த முதல் மாதத்துச் சாவு அந்தக் கிராமங்களில் 62 விழுக்காடு குறைந்ததை 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. கேட்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

இனி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

முகாம் நடத்துகிற சங்கங்களே, அறக்கட்டளைகளே, கல்லூரிகளே, நீங்கள் வராதீர்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வருவதற்கு முன் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த ஊரில் என்ன குறை என்று அவருக்குத் தெரியும். போன மாதம் வேறொரு சங்கம் வந்துபோன திடலிலேயே நீங்களும் பந்தல் போட வேண்டியிருக்காது. பிபி, சுகர் கண்டுபிடித்த பெயர்களின் பட்டியலை, சாப்பாட்டுப் பொட்டலம் தீர்வதற்குள், கிராம சுகாதார செவிலியர் கையிலோ தன்னார்வலர் கையிலோ நகலாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு காகிதம், இரண்டு கார்பன் தாள். இதில் பணச் செலவு ஒன்றுமில்லை.

மருந்து கொடுத்தால் முழு அட்டையாகக் கொடுங்கள். அதிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிற மருந்தாக இருந்தால், தீர்ந்த பிறகு அங்கே போய் அதையே வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிகள் கொடுத்த சாம்பிள்களைக் கொண்டுவந்து கொட்டினால், பத்து நாள் கழித்து அந்தப் பெயரில் ஒரு மாத்திரை சுற்றுவட்டாரத்திலேயே இருக்காது. தானமாக வருகிற மருந்து நாட்டுக்குள் வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. நாடுகளுக்கு இடையே சொன்னது என்றாலும், ஊருக்குள் வருகிற தானத்துக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

பிறகு, ஐந்து ஊருக்கு ஒரு தடவை வருவதைவிட ஒரே ஊருக்கு ஐந்து தடவை வாருங்கள். ஃபிளெக்ஸில் ஊர்ப் பெயர் குறையும்தான். வருகிற நாளில் அரை நாளைப் பார்ப்பதற்கும் அரை நாளைச் சொல்லிக் கொடுப்பதற்கும் வையுங்கள். மகளிர் குழுப் பெண்கள், அங்கன்வாடி ஆசிரியர், பால் சொசைட்டிக்காரர், டீக்கடைக்காரர் யாராக இருந்தாலும் சரி. பிபி மிஷினைச் சரியாகக் கட்டுவது எப்படி, சுகர் இறங்கி மயங்கினவருக்கு என்ன செய்வது, பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல் எங்கே கொண்டு ஓடுவது, முகம் கோணினால் எத்தனை மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி போக வேண்டும். கடைசியாகச் சொன்னது எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால், விடியட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்திருக்க மாட்டோம்.

மாவட்ட ஆட்சியரும் மாவட்ட சுகாதார அலுவலரும் செய்ய வேண்டியதும் உண்டு. திடலில் பந்தல் போட ஊராட்சியிடம் அனுமதி வாங்குகிறார்கள், மைக்குக்குப் போலீஸிடம் அனுமதி வாங்குகிறார்கள். மருந்துக்கு மட்டும் யாரிடமும் கணக்கு இல்லை. முகாமுக்கு அனுமதி கேட்டு வரும் தாளிலேயே, தொடர் சிகிச்சைக்கு யார் பொறுப்பு, பட்டியல் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. காலிப் பணியிடம் இருந்தால் அந்த விதி வெறும் பூட்டிய கட்டடம். அதை முதலில் நிரப்புங்கள். சிட்டிலிங்கி, கூடலூர் போன்ற இடங்களில் வருடக்கணக்கில் வேலை செய்து தேர்ந்த பெண்களின் அனுபவத்தை, அரசின் சுகாதாரப் பணிகளில் எந்த அளவுக்காவது கணக்கில் எடுக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள். நூறு பிரசவம் பார்த்த கைக்குச் சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்தால் மதிப்பில்லை என்பது யாருக்கும் நல்லதல்ல. தன்னார்வலர்களுக்கு வேலை செய்கிற பிபி மிஷின் கொடுங்கள். இதைக் கோரிக்கையாக எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பெரியம்மா இப்போது தடி ஊன்றி வாசல் வரை வருகிறார். பேச்சு பாதி திரும்பிவிட்டது. மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கு வருகிறது. அந்த பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் இப்போது ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு எங்கள் திடலில் மறுபடி முகாம். ஃபிளெக்ஸ் இன்னும் கட்டவில்லை, நோட்டீஸ் வந்துவிட்டது. அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பெரியம்மா கதையைச் சொல்லி, டோக்கன் மேஜைக்குப் பக்கத்தில் எங்கள் தன்னார்வலர் நோட்டோடு உட்கார ஒரு இடம் வேண்டும் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஒரு சேர்தானே சார், போட்டுடலாம்" என்றார்.

தன்னார்வலரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேர் நானே கொண்டுபோறேன். அந்தக் கைப்பட்டை ஒண்ணு புதுசாக் கிடைக்குமான்னு கேட்டுச் சொல்றீங்களாண்ணா?" என்றார்.